மாஸ்டரின் வலது கால்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் பாதிப் பேர் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மீதிப் பாதி இன்னும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர்கள். எனக்கு அவர் அத்தான். அவருக்கு நான் ‘டைப்பு’. வக்கீல் ஆபீசில் நாள் முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் கொழுந்தியாளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்று உறுதியாக நம்பினார். நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் தெருவில் யாராவது ‘டைப்பு’ என்று கூப்பிட மாட்டார்களா என்று காது ஏங்குகிறது. அப்படிக் கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லி, ஒரு பெரிய கம்பெனியில் டிரைவராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார். ஸ்கூல் என்றால் ஒரு அறை, ஒரு பெஞ்சு, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு தாள், மேஜை மேல் முச்சந்தியை விளக்குவதற்குச் சில பொம்மைக் கார்கள். அவ்வளவுதான். வாசலில் அந்தப் பழைய கிரீம் கலர் கார் நிற்கும். கூரையில் மஞ்சள் பலகை. வெயிலில் நின்ற ரெக்சின் சீட்டின் வாசனையும் அவர் எப்போதும் வாயில் அடக்கியிருக்கும் பெப்பர்மின்ட்டின் வாசனையும் சேர்ந்து அந்தக் காருக்குள் ஒரு தனி மணம் உண்டு. இப்போதுகூடப் பழைய கார் எதிலாவது ஏறினால் அந்த மணத்தைத் தேடுகிறேன். கிடைப்பதில்லை.

அந்தக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்காரும் அத்தான் காலடியில். மாணவர் தடுமாறினால் அத்தானின் வலது கால் கண் இமைக்கும் முன் இறங்கும். அந்தக் கால்தான் எங்கள் அக்கா வீட்டில் உலை கொதிக்க வைத்தது.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைசி நாள் வகுப்பில் காரைக் கிளப்பச் சொல்லிவிட்டு, இரண்டு காலையும் மடக்கி சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வார். கையையும் கட்டிக்கொள்வார். ‘நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க’ என்பார். எனக்கும் அப்படித்தான் செய்தார். அன்று கடைத்தெரு முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை. நான் ஓட்டிவிட்டேன் என்ற சந்தோஷத்தில். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தக் கடைசி நாள் கதையைத்தான் சொல்வார்கள்.

மருந்துக் கடை அம்மாவுக்கும் ஒரு கடைசி நாள் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர், கடையில் குரல் உயர்த்தினால் பாட்டில்களே நேராக நிற்கும். ஆனால் காரில் ஏறினால் பூனைக்குட்டி. அவர் கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த வயதில் கற்றுக்கொள்ள வந்தார். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நாள் ஆனது. அத்தான் அலுத்துக்கொண்டதே இல்லை. ‘நிதானமா கத்துக்கிறவங்கதான் நிதானமா ஓட்டுவாங்க’ என்று எங்களிடம் அவருக்காகப் பரிந்து பேசுவார்.

அந்தக் கடைசி நாள், ஒரு முச்சந்தியில், குறுக்குத் தெருவிலிருந்து ஒரு சரக்கு வேன் திரும்பியது. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் அகலமாக வளைந்து வந்து, நின்றுகொண்டிருந்த இவர்கள் காரின் மேல் ஏறியது. அத்தான் பக்கத்துக் கதவு உள்ளே நசுங்கியது. மருந்துக் கடை அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அத்தானின் வலது கணுக்கால் கதவு தள்ளிய சீட்டுக்கு அடியில் மாட்டி நொறுங்கிவிட்டது.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். எழுந்தபோது கணுக்கால் அசையவில்லை. நடக்கலாம், கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து. ஆனால் பாதத்தைச் சட்டென்று கீழே அழுத்த முடியாது. ஸ்கூலுக்குப் பூட்டு போட்டார்கள். அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. எங்கள் ஆபீஸ் வக்கீல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். மனுவை டைப் அடித்தது நான்தான். எத்தனையோ பேரின் கையும் காலும் என் விரல் வழியாகக் காகிதத்தில் ஏறியிருக்கின்றன. சொந்த அத்தானின் காலை அடித்தபோதுதான் பிழை மேல் பிழை வந்தது.

விபத்து வழக்குகளில் கோர்ட் கேட்பது அடிப்படையில் மூன்றே கேள்விதான், இது என் ஆபீஸ் அனுபவம். தப்பு யாருடையது? அடிபட்டவருக்கு அதில் பங்கு உண்டா? அடியால் அவர் என்னத்தை இழந்தார்? முதல் கேள்விக்குப் போலீஸ் வரைந்த படம் இருந்தது. வேன் எங்கே வந்தது, கார் எங்கே நின்றது என்று அது சொல்லிவிடும். மூன்றாவதற்கு டாக்டர் இருந்தார். சிக்கல் எல்லாம் நடுவில் இருந்த அந்த இரண்டாவது கேள்வியில். அடிபட்டவர் பக்கம் பங்கு இருக்கிறது என்று கோர்ட் முடிவு செய்தால், அந்தப் பங்குக்கு உரியதை இழப்பீட்டில் கழித்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் பிடித்துக்கொண்டது. காரில் இரண்டாவது பிரேக் இருக்கிறதே, மாஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பதிலுரையில் எழுதியிருந்தார்கள்.

எங்கள் வக்கீலுக்குக் கடைசி நாள் பழக்கம் தெரியாது. அவர் சாகும்வரை ஸ்கூட்டரை விட்டு இறங்காத மனிதர். நான்தான் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் துடைத்தார். ‘இதை யாரும் கேக்கலைன்னா நாமளா சொல்லவேண்டாம்’ என்றார்.

மருந்துக் கடை அம்மாவின் கணவருக்குக் கண் ஆபரேஷன் நாள் குறித்திருந்ததால், அந்த அம்மாவை முதலில் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள். அத்தான் அன்று கோர்ட்டுக்கு வரவில்லை. நான் போயிருந்தேன். கூண்டில் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தால் கடையில் அதட்டுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். வேனைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவுமே ஞாபகம் இல்லை. கை கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்திருப்பேன். கார் நின்றது என்றால் மாஸ்டர்தான் பிரேக் போட்டிருக்கவேண்டும்.

கடைசியில் யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். “நான் அந்த சீட்ல உக்காந்திருக்கக்கூடாதுங்க. என்னாலதான் அவருக்குக் கால் போச்சு.”

அவர் இறங்கிப் போனதும் எங்கள் வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கும் புரிந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. மாஸ்டர் கூண்டில் ஏறி, ஆமாம், நான்தான் பிரேக் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மடக்கிய கால் கதைக்கு இடமே இல்லாமல் போய்விடும். சாட்சியே அதைச் சொல்லிவிட்டாரே.

சந்தோஷமாக வீட்டுக்குப் போய் அத்தானிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அப்பாடா என்றாள். அத்தான் மட்டும் காலை நீட்டி வைத்திருந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

என்ன தெரியாதா என்றேன்.

“பிரேக் போட்டது அவங்கதான் டைப்பு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்களுக்கே அது தெரியாம இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்திருக்கிறார். கதவோரம் நின்று அழுதிருக்கிறார். நீங்க கவலைப்படாதீங்கம்மா, உங்க மேல ஒண்ணும் இல்ல என்று இவர் சொல்லியிருக்கிறார். நோயாளி பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. அப்புறம் வழக்கு வந்தது, சாட்சியோடு பேசக்கூடாது என்று வக்கீல் வாயைக் கட்டிவிட்டார். அதன் பிறகு அந்த அம்மா ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. கண் தெரியாத கணவரும் கார் ஓட்டாத மனைவியும் கடைக்கு நடந்தே போய் வந்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது, இந்த மனுஷன் என்ன செய்யப் போகிறார் என்று. உடனே கோபமும் வந்துவிட்டது. கோர்ட்டில் வக்கீல் சொல்கிறபடி சொல்லுங்கள், அந்த அம்மாவிடம் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். பொய் யாரையும் சுடப்போவதில்லை, பிரேக்கை யார் போட்டிருந்தாலும் கார் நின்றுதானே இருந்தது என்று வக்கீலைவிட நன்றாக வாதாடினேன்.

“கூண்டுல ஒண்ணு, வெளியில ஒண்ணு சொன்னா, அவங்க எதை நம்புவாங்க?” என்றார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று ஆரம்பித்தவள், பள்ளிக்கூடச் சமையலறையின் அண்டாக்களில் போய் முடித்தாள். அந்த அண்டாவைத் தூக்கித் தூக்கி அவள் தோள்பட்டை போயிருந்தது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வாய்தாவரை அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவர் கூண்டில் ஏறிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உயரமான ஜன்னல்கள், ஒரு பக்கம் மட்டும் சத்தம் போடும் மின்விசிறி, பின்வரிசையில் மருந்துக் கடை அம்மா. சாட்சி சொல்லி முடித்துவிட்டதால் உள்ளே உட்கார அவருக்கு அனுமதி இருந்தது. எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தண்டனையைக் கேட்க வந்தவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. “மாஸ்டர்” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “சாட்சி அவர்களே” என்று மாற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரும் ஜூனியராக இருந்த காலத்தில் அந்தக் கிரீம் கலர் காரில் கற்றுக்கொண்டவர். இவருக்கும் ஒரு கடைசி நாள் நடந்திருக்கிறது.

முதலில் அங்கே இங்கே சுற்றினார். எத்தனை வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள், இரண்டாவது பிரேக் எதற்கு என்றெல்லாம் கேட்டார். பிறகு நேராக வந்தார். அன்று அந்த அம்மாவுக்குக் கடைசி வகுப்புதானே என்றார். ஆமாம் என்றார் அத்தான். கடைசி வகுப்பில் உங்கள் கால் எங்கே இருக்கும் என்று கேட்டார். வளர்த்த கடா மார்பில் பாய்வதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

“சீட்டுக்கு அடியில” என்றார் அத்தான்.

எங்கள் வக்கீல் பேனாவை மூடினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

ஏன் அப்படி என்று நீதிபதி கேட்டார். அவர் ஒரு பெண். ஒவ்வொரு பதிலையும் முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

“என் கால் பிரேக்ல இருக்கிற வரைக்கும், நான்தான் ஓட்டுறேன்னு அவங்க நினைச்சுக்குவாங்கம்மா. ஒரு நாளாவது அவங்களே ஓட்டினதா இருக்கணும்.”

அப்படியானால் பிரேக் போட்டது யார் என்றார் இன்சூரன்ஸ் வக்கீல். கற்றுக்கொண்டவர் மரத்துப்போய் உட்கார்ந்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறாரே.

அத்தான் வக்கீலைப் பார்க்கவில்லை. நீதிபதியையும் பார்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்தார்.

“அவங்கதான் போட்டாங்க. வேன் மூக்கு தெரிஞ்ச உடனே போட்டாங்க. ரோட்டுல போட்ட கோட்டுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சு. என் காலு அங்க இருந்திருந்தாலும், அதுக்கு முன்னாடி நான் போட்டிருக்க மாட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இது அவங்களுக்குத் தெரியணும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலா, அழுகையா, சொல்லத் தெரியவில்லை. பெஞ்சு கிளார்க் அமைதி என்றார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு டாக்டரின் முறை. காலில் இவ்வளவு சதவீதம் ஊனம் என்று சான்றிதழில் ஒரு சின்ன எண் போட்டிருந்தார். வருமானத்திலும் அவ்வளவுதான் நஷ்டம் என்றது கம்பெனி. குமாஸ்தாவுக்கு அந்தக் கணக்கு சரி, காலால் பிழைக்கும் இவருக்குச் சரியில்லை என்றார் எங்கள் வக்கீல். நீதிபதி டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். திடீரென்று ஒரு பிரேக்கை அழுத்த இந்தக் காலால் முடியுமா? முடியாது என்றார் டாக்டர். அக்கா கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள்.

தீர்ப்பு நாளில் நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன், பழக்க தோஷம். தப்பு முழுக்க வேன் ஓட்டியவருடையது. கார் தன் பாதையில் நின்றுகொண்டிருந்தது. ஆசிரியர் காலை மடக்கி வைத்தது கவனக்குறைவுதான். ஆனால் ஏற்கனவே போட்டுவிட்ட பிரேக்கை இன்னொரு கால் வந்து போடத் தேவையில்லை. ஆகவே விபத்து நடந்ததில் அவருக்குப் பங்கில்லை. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியில் மறுபடி போனது. கால் மடங்கி சீட்டுக்கு அடியில் இருந்ததால்தான் மாட்டிக்கொண்டது. பிரேக்கின் மேல் இருந்திருந்தால் காயம் இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது. சீட் பெல்ட் போடாதவருக்குக் குறைப்பது போல, இவருக்கும் இழப்பீட்டில் ஒரு பகுதி குறைக்கப்படுகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலை இனி அவர் செய்ய முடியாது என்று கோர்ட் ஏற்கிறது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்க முடியும், ஆகவே வருமானம் முழுவதும் போனதாகக் கொள்ள முடியாது.

ஸ்கூலைத் திறக்க அது போதாது. அக்கா சமையலறை வேலையை விடவும் போதாது. பழைய கடனை அடைத்துவிட்டுக் கொஞ்சம் கையில் நிற்கும். வராண்டாவில் அக்கா பேச ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வழக்கு முடிந்த பிறகுதான் அவளால் வாய்விட்டு அழ முடிந்தது. அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜட்ஜம்மா பணத்தை வெட்டினது நியாயம்தான் என்று மட்டும் சொன்னார். அது அவளை இன்னும் அழ வைத்தது. எனக்கு இரண்டு பேர் மேலும் பாவமாக இருந்தது. இரண்டு பேர் மேலும் கோபமாகவும் இருந்தது.

அப்போது கோர்ட் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மெதுவாக, ஓரத்தை ஒட்டி, நேராக. மருந்துக் கடை அம்மா இறங்கினார். அத்தான் சாட்சி சொன்ன மறு வாரமே போய், வேறொரு ஸ்கூலில் விட்ட இடத்தைப் பிடித்து, டெஸ்டில் தேறி லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“மாஸ்டர், காலை நீட்டி உக்காருங்க. நான் கொண்டுபோய் விடுறேன்.”

அத்தான் ஏறினார். முன்சீட்டில் அக்கா, பின்னால் ஒரு மூலையில் நான், மீதி இடமெல்லாம் அந்தக் கால். அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்து, கையைக் காட்டி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, சாலையில் இறங்கினார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, குறைத்த பணத்தைப் பற்றி மறுபடி ஏதோ சொல்லத் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

கடைத்தெரு தாண்டுவதற்குள் அத்தான் தூங்கிப்போயிருந்தார். தலை என் தோளில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

“கல்யாணம் ஆனதுல இருந்து பாக்குறேன்” என்றாள் அக்கா, எழுப்பிவிடாத குரலில். “அடுத்தவங்க ஓட்டுற கார்ல இந்த மனுஷன் கண்ணை மூடினதே இல்லடி.”

மருந்துக் கடை அம்மா அதைக் கேட்டார். அடுத்த முச்சந்தியில் கார் எப்போது நின்றது என்றே எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாகப் பிரேக் போட்டார்.